தண்டச் சீட்டும் தலையாட்டும் பழக்கமும்

ஆயிரம் ரூபாத் தண்டத்திற்காக நீதிமன்றப் படி ஏறுவதா என்று கேட்டு நகைக்கின்றனர் நம்மவருட் படித்த சிலர். நகைப்பு அவர்கட்கு எளிது. தண்டத்தைக் கட்டுவதும் அவர்கட்கு எளிது. இரண்டும் எளிதல்லாத மக்களைப் பற்றியே இன்று எழுதப் புகுகின்றோம்.

பெல்மதுளையைக் கடந்து பலாங்கொடை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை ஓப்பநாயக்கவின் நடுவே ஓடுகின்றது. களனிப் பள்ளத்தாக்கின் சிறிய இருப்புப்பாதை ஒருகாலத்தில் வந்து முடிந்த ஊர் அது. 1970களில் அப்பாதை மூடுண்ட பின்னர் அங்குள்ள தோட்டத்து மக்களுக்குப் பேருந்தும் முச்சக்கர வண்டியுமே கதி. லயத்திற் பிறந்து, கொழுந்துக் கூடையையும் இறப்பர்ப் பால் வாளியையும் விட்டு விலகி, தவணைக் கடனில் முச்சக்கர வண்டி ஒன்று வாங்கி ஓட்டும் இளைஞன் ஒருவனை இச்சாலையில் நிறுத்திப் பார்ப்போம். வெள்ளைக் கோட்டைத் தாண்டி முந்தினான் என்பது அவன்மீது குற்றச்சாட்டு. தாண்டினானா, இல்லையா? நாம் அறியோம். அவன் கையில் ஒரு சீட்டுத் தரப்படுகின்றது. சீட்டின் அச்சிட்ட பகுதி எம்மொழியில் இருப்பினும், அவன் செய்ததாகச் சொல்லப்படும் குற்றம் எதுவென்று காவலர் தம் கையால் எழுதிய பகுதி சிங்களத்தில் இருக்கின்றது. இளைஞனுக்குச் சிங்களம் பேசத் தெரியும். சந்தையிலும் கடையிலும் அதனைப் பேசியே வளர்ந்தவன். வாசிக்கத் தெரியாது. சபரகமுவைத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் நிலை இதுதான். வாயளவில் இரு மொழி; எழுத்தளவில் ஒரு மொழி. "தெரியும்தானே" என்று சொல்லிச் சீட்டை நீட்டுவோருக்கு இவ்வேறுபாடு தெரிவதில்லை. தெரிந்துகொள்ள அவர்கள் விரும்புவதும் இல்லை.

அவன் வீடு திரும்புகின்றான். "கோடு கச்சேரி என்று அலையாதே தம்பி, கட்டிவிட்டு வா" என்கின்றார் தகப்பனார். "சங்கத் தலைவரிடம் சொன்னால் ஒரே போனில் முடித்துத் தருவார்" என்கின்றார் மாமன். "அங்கேயே ஏதாவது கையில் வைத்திருந்தால் சீட்டே வந்திராதே" என்கின்றான் நண்பன். மூவரும் அன்பினாற் சொல்கின்றனர் என்பதில் ஐயமில்லை. ஆனால், நீ வெள்ளைக் கோட்டைத் தாண்டினாயா என்று மூவருள் ஒருவரேனும் கேட்டாரில்லை. சீட்டில் என்ன எழுதியிருக்கின்றது என்றும் கேட்டாரில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்விகளோ இவ்விரண்டுமே.

முதலில் சட்டம் என்ன சொல்கின்றது என்று காண்போம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ், பிற்காலத்தில் நுழைக்கப்பட்ட ஏற்பாடே இந்த ஸ்தலத் தண்டம். காவலர் சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பெற்றுக்கொண்டு சீட்டைத் தருவார். அச்சீட்டே தற்காலிக அனுமதியாக நிற்கும். 14 நாட்களுக்குள் அஞ்சலகத்தில் பணத்தைக் கட்டிப் பற்றுச்சீட்டைக் காட்டினால் பத்திரம் மீளும். தவறினால் தொகை இரட்டிக்கும். அதனையும் கட்டாதவன் நீதவான் முன் நிற்க வேண்டும். கைப்பேசியின் வழியே கட்டிவிடும் வசதியும் 2025இல் திறக்கப்பட்டது. நன்று, வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம். வரிசையில் நிற்கும்போதாவது, நாம் எதற்காகக் கட்டுகின்றோம் என்று எண்ணிப் பார்க்கச் சிறிது அவகாசம் இருந்தது. இனி அதுவும் இல்லை.

இவ்வேற்பாட்டின் உட்பொருளை வாசகர் கவனிக்க வேண்டும். ஸ்தலத் தண்டம் ஒரு தீர்ப்பன்று. நீதிமன்றத்துக்கு வராமல் இத்தொகையோடு முடித்துக்கொள்கின்றாயா என்று அரசு குடிமகனிடம் கேட்கும் ஒரு கேள்வி அது. சம்மதிக்கலாம், மறுக்கலாம். மறுப்பவன் சட்டத்தை மீறியவன் ஆகான். சட்டமே திறந்து வைத்திருக்கும் மற்றைக் கதவால் நுழைபவன் அவன். குற்றம் எண்பிக்கப்படும் வரை எவரையும் குற்றமற்றவரென்றே கொள்ளவேண்டும் என்று அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை விதிக்கின்றது. அவ்விதி கொலை வழக்குக்கு மட்டும் உரியதென்று எங்கும் எழுதப்படவில்லை.

ஆனால், கேள்வி என்றால் அது கேட்கப்படுபவனுக்கு விளங்க வேண்டும் அன்றோ? வாசிக்கத் தெரியாத எழுத்தில் கேட்கப்பட்ட கேள்விக்கு "ஆம்" என்று விடை சொல்பவன் எதற்குச் சம்மதித்தான்? வெள்ளைக் கோட்டுக்கா? வேகத்துக்கா? விளக்குக்கா? ஏதோ ஒன்றுக்கு. இத்தகைய சம்மதத்தைச் சம்மதம் என்று எந்த நியாயத்தில் அழைப்பது?

இனிக் கணக்கைப் பார்ப்போம். கணக்கை மறைத்து வீரம் பேசுவது நம் வழக்கமன்று. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாவை எட்டியது 2021இல். அதுவும் ஆண்டுக்கணக்கான போராட்டத்தின் பின்னர். 1,350 ரூபாவானது 2024இல். வழக்குக்குச் செல்பவன் முதல் தவணையில் தான் குற்றமற்றவன் என்று சொல்ல ஒரு நாள், விசாரணைக்கு ஒரு நாள், சாட்சிக்காரரான காவலர் வேறு கடமையிற் சென்றிருந்தால் மற்றொரு நாள் என்று பலாங்கொடைக்கோ இரத்தினபுரிக்கோ அலைய வேண்டும். அவனுக்காகச் சாட்சி சொல்ல வரும் பயணி கொழுந்து பறிப்பவளாயின் அவளுக்கும் ஒரு பேர் போகும். பேருந்துக் கட்டணம், சட்டத்தரணிக்குக் கொடுக்கும் பணம் ஆகியவை வேறு. தோற்றால் நீதவான் விதிக்கும் தண்டம் ஸ்தலத் தண்டத்தினும் கூடலாம். ரூபாவைக் கொண்டு மட்டும் நிறுத்தால் தராசு ஒரு பக்கமே சாயும்: கட்டுவதே இலாபம். ஓப்பநாயக்கவில் மட்டுமன்று, எங்கும் இதே கணக்குத்தான். முச்சக்கர வண்டி ஓட்டும் ஏழைச் சிங்களவனுக்கும் இதே கணக்குத்தான். குற்றமற்றவனும் பணத்தைக் கட்டிவிட்டுப் போகும்படி அமைந்த ஏற்பாடு இது.

ஆகவே, சீட்டுக் கிடைத்தவர் எல்லாம் வழக்காடுங்கள் என்று நாம் அறைகூவவில்லை. வெள்ளைக் கோட்டைத் தாண்டியவன் தண்டத்தைக் கட்டட்டும், உடனே கட்டட்டும். வளைவுகள் மிகுந்த அந்தச் சாலையில் எதிரே வருபவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளை. தமிழன் ஓட்டினான் என்பதற்காகப் பிழை சரியாகிவிடாது. குற்றம் செய்தவன் மொழியுரிமை பேசித் தப்ப நினைப்பானாயின் அவனுக்கு நம் பேனா துணை நிற்காது. ஆனால், குற்றம் செய்தவனுக்கும் தான் செய்த குற்றம் எதுவென்று தன் மொழியில் அறியும் உரிமை உண்டு. குற்றம் செய்யாதவனுக்கோ அவ்வுரிமையோடு, மறுத்து நிற்கும் உரிமையும் உண்டு. தண்டம் ஒன்று, மொழி வேறொன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதனாலேயே, நம்மவர் தண்டத்தோடு மொழியையும் சேர்த்துக் கட்டிவிட்டு வருகின்றனர்.

இவ்வுரிமையை நமக்கு எவரும் பிச்சையாக இடவில்லை. 1956இல் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தைத் தனி அரசகரும மொழியாக்கியது. அடுத்த ஆண்டு, 1957இல், வாகனத் தகடுகளில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து ஏறியது. மோட்டார் வண்டியின் தகட்டில் ஓரெழுத்து; எவ்வளவு சிறிய விடயம்! அந்த ஓரெழுத்தை எதிர்த்துத் தமிழ் 'ஸ்ரீ' எழுதியோர் போக்குவரத்துச் சட்டத்தின் கீழேயே குற்றஞ்சாட்டப்பட்டனர். 1958 வசந்தத்தில் தென்னிலங்கைக் கடைப் பலகைகளில் இருந்த தமிழ் எழுத்துகள் மீது தார் பூசப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் நாடே எரிந்தது. வண்டியும் எழுத்தும் இந்நாட்டில் தனித்தனியாக ஓடியதில்லை என்பதை மறந்தோர்க்காகவே இதனை நினைவூட்டுகின்றோம்.

இன்றோ சட்டப் புத்தகம் வேறு மொழி பேசுகின்றது. 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இன் 16ஆம் திருத்தம் அதற்குக் கைகால் வைத்தது. சிங்களம் நிருவாக மொழியாகவுள்ள பிரதேசத்திலும், அரச அலுவலரோடு தமிழிற் கருமமாற்றவும், தனக்கென வழங்கப்படும் ஆவணத்தைத் தமிழிலோ அதன் மொழிபெயர்ப்பாகவோ பெறவும் ஒருவருக்கு உரித்துண்டு என்கின்றது 22ஆம் உறுப்புரை. தண்டச் சீட்டு, அலுவலர் ஒருவர் ஒருவனுக்கென எழுதித் தரும் ஆவணமன்றி வேறென்ன? நீதிமன்ற மொழி சிங்களமாயின், அதனை அறியாத கட்சிக்காரனுக்கு அரசே தன் செலவில் உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் தரவேண்டும் என்கின்றது 24ஆம் உறுப்புரை. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டமும் குற்றஞ்சாட்டப்பட்டோர்க்கு உரைபெயர்ப்பாளரின் உதவியை உறுதி செய்கின்றது. யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் சிங்களச் சாரதிக்கும் இதே ஏற்பாடு தன் மொழியில் ஆவணம் பெறும் உரித்தைத் தருகின்றது. அவன் அதனைக் கேட்டால் நாம் முகம் சுளிக்கப் போவதில்லை.

உரிமை ஏட்டில் இருக்கின்றது. நீதிமன்றத்தில் என்ன நிகழ்கின்றது? பெயர் அழைக்கப்படும்; இளைஞன் கூண்டேறுவான்; குற்றச்சாட்டு விரைவாக வாசிக்கப்படும். குற்றவாளியா, சுற்றவாளியா? நம் நாட்டு நீதிமன்றத் தமிழில் இவ்விரு சொற்களுக்கும் இடையே ஓரெழுத்தே வேற்றுமை. அன்றைய நாளில் நூறு வழக்கு. உரைபெயர்க்கும் முதலியார் ஒருவரே. சில இடங்களில் தமிழறிந்த முதலியாரே இலர். கூண்டில் நிற்பவன் ஒன்றும் விளங்காமல் தலையை ஆட்டுகின்றான். தலையாட்டல் ஒப்புதல் ஆகின்றது. ஒப்புதல் பதிவேட்டில் ஏறுகின்றது. தோட்டத்துப் பிரட்டுக்களத்தில் துரைக்கு ஆட்டிப் பழகிய தலை அது. 1948இல் குடியுரிமையைப் பறித்தபோது எங்கே ஒப்பமிடச் சொன்னார்களோ அங்கே ஒப்பமிட்ட பாட்டனின் தலை. 1977இலும் 1981இலும் 1983இலும் இரத்தினபுரித் தோட்டங்களில் லயங்கள் எரிந்தபோது உயிரோடு தப்பினாற் போதுமென்று ஓடிய தகப்பனின் தலை. "வம்பு வேண்டாம்" என்ற அவர் சொல்லுக்குப் பின்னால் இத்தனை ஆண்டுகள் நிற்கின்றன. அவரை நாம் பழிக்கவில்லை. பழிக்க வேண்டியோர் வேறு சிலர் உளர்.

அவர்களிடம் வருமுன், கடல் கடந்த ஒரு வழக்கைச் சொல்ல விரும்புகின்றோம். நம் உறவினர் பல்லாயிரவர் பின்னாளில் அடைக்கலம் புகுந்த ஜெர்மனியில் நிகழ்ந்தது. துருக்கியிலிருந்து சென்று அங்கே மோட்டார்த் தொழிற்சாலையில் உழைத்த ஒருவர், 1978 சனவரியில் பாட் விம்ப்பென் என்னும் ஊரில், நிறுத்தி வைத்திருந்த கார் ஒன்றின் மீது தம் வண்டியை மோதிவிட்டார். வந்த பொலிசார் அவர் கையில் முதலிற் கொடுத்தது, அவருடைய உரிமைகளைத் துருக்கி மொழியிற் சொல்லும் ஓர் அறிவித்தல்! பின்னர் 60 மார்க் தண்டம் விதிக்கப்பட்டது. அவர் எதிர்த்து நீதிமன்றம் சென்றார். அங்கு ஓர் உரைபெயர்ப்பாளர் உதவினார். விசாரணையின் நடுவே அவர் தம் எதிர்ப்பைத் தாமே விலக்கிக்கொண்டார். கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால், உரைபெயர்த்த கூலி 63 மார்க் 90 பெனிக்கையும் நீயே கட்டு என்றது நீதிமன்றம். தண்டத்தினும் மொழிக்கூலி பெரிது! அதனை அவர் கட்ட மறுத்தார். அற்பப் போக்குவரத்துத் தவறு குற்றமே அன்று, ஆகையால் இலவச உரைபெயர்ப்புக்கு இடமில்லை என்று வாதிட்டது ஜெர்மன் அரசு. 1984 பெப்ரவரி 21ஆம் நாள் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், 13 நீதிபதிகள் ஒருபுறமும் ஐவர் மறுபுறமுமாக, அரசின் வாதத்தைத் தள்ளிற்று. தவறு சிறிதாயினும் தண்டிக்கும் நோக்கமுடைய நடவடிக்கை குற்ற நடவடிக்கையே. உரைபெயர்ப்புக் கூலியை அவர்மேற் சுமத்தியது தவறு என்பது தீர்ப்பு. ஒஸ்துர்க் எதிர் ஜெர்மனி என்று சட்ட நூல்கள் அதனைக் குறிக்கும். தண்டத்தைப் பொறுத்தவரை அம்மனிதர் விட்டுக்கொடுத்தார். மொழியைப் பொறுத்தவரை விட்டுக்கொடுத்தாரில்லை. நாம் மேலே பிரித்துக் காட்டிய இரண்டையும் அந்தத் தொழிலாளி அன்றே பிரித்து வைத்துவிட்டார்.

நம் நாட்டிலும் முன்மாதிரி இல்லாமற் போகவில்லை. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றாததால் 1962இல் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்ட எழுதுவினைஞர் கோடீஸ்வரன், அச்சிறு தொகைக்காக அரசின் மீது வழக்குத் தொடுத்தார். மாவட்ட நீதிமன்றம் 1964இல் அவர் பக்கம் தீர்த்தது. உயர் நீதிமன்றம் அதனை மாற்றிற்று. 1969இல் இலண்டன் கோமறைக் கழகம், சம்பளத்துக்காக அவர் வழக்காடலாம் என்று கூறி மொழிச் சட்டத்தின் கேள்வியைத் திருப்பி அனுப்பியது. அவர் கேட்ட தொகையை எண்ணி அன்றும் சிலர் நகைத்திருப்பர். இன்று அத்தொகை எவர்க்கும் நினைவில்லை; வழக்கு நினைவிருக்கின்றது.

இனி நம் படித்த பெருமக்கள். கொழும்பிலிருந்து சொந்தக் காரில் மலையகம் செல்லும் வைத்தியர், கணக்காளர், பொறியியலாளர், வங்கி அதிகாரி, பேராசிரியர் என்போர் வழியில் நிறுத்தப்பட்டால் என்ன செய்கின்றனர்? ஆங்கிலத்தில் நாலு சொல் பேசுகின்றனர். காவலரும் ஆங்கிலம் பேசும் மனிதரைக் கண்டு சற்றே விலகி நின்று, பார்த்துப் போகும்படி சொல்லி அனுப்புகின்றார். தமிழிற் கேட்கும் உரிமையை ஆண்டுக்கு ஒருமுறை மேடையில் முழங்கும் இவர்கள், அதனைச் சாலையில் ஒருமுறையேனும் பயன்படுத்தியதுண்டா? இவர்கள் கேட்டால் காவலர் யாரையாவது அழைத்துத் தமிழில் எழுதித் தருவார். ஒருமுறை தந்தவர் மறுமுறை தோட்டத்து இளைஞனுக்கும் தருவார். செல்வாக்கு உள்ளவன் கேளாத உரிமையைச் செல்வாக்கு அற்றவன் கேட்டால் அது திமிர் என்று பெயர் பெறுகின்றது. இப்பெயரை அவனுக்கு வாங்கித் தந்தோர் நம் கனவான்களே.

அடுத்து, ஒரே போனில் முடித்துத் தரும் தலைவர்கள். குற்றம் செய்தவனுக்கும் முடித்துத் தருகின்றார்கள். செய்யாதவனுக்கும் முடித்துத் தருகின்றார்கள். இருவரும் தேர்தல் நாளில் கைம்மாறு செய்யக் கடமைப்பட்டவர் ஆகின்றனர். உரிமை சலுகையாக மாறும் இரசவாதம் இதுதான். மாதந்தோறும் தொழிலாளியின் சம்பளத்தில் வெட்டப்படும் சந்தாவிலிருந்து ஒரே ஒரு தண்டச் சீட்டு வழக்குக்கேனும் சட்டத்தரணி ஒருவரை அனுப்பியதுண்டா என்று எல்லாச் சங்கங்களையும் கேட்கின்றோம். அனுப்பியிருந்தால் அறியத் தாருங்கள், மகிழ்ச்சியோடு வெளியிடுவோம். கையூட்டைப் பற்றி நாம் விரித்துரைக்கத் தேவையில்லை. கொடுப்பவன் அன்றைக்கு மிச்சம் பிடித்ததை மறுவாரம் அதே திருப்பத்தில் திரும்பவும் கொடுப்பான்.

இது தோட்டத்தார் விடயம், நமக்கென்ன என்று வன்னி விவசாயி இத்தாளைப் புரட்டிவிட வேண்டாம். கிளிநொச்சியிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் தம்புள்ளைச் சந்தைக்கு லொறியில் மரக்கறி ஏற்றிச் செல்பவர் நீங்கள். சுமை அதிகம், விளக்கு இல்லை, ஆவணம் குறை என்று சீட்டு நீட்டப்படும்போது சந்தை மூடுமுன் சேர வேண்டுமே என்ற பதைப்பில் வாங்கிச் சட்டைப்பையிற் செருகிக்கொண்டு போகின்றீர்கள். ஓப்பநாயக்க இளைஞனின் கையில் இருப்பதும் அதே சீட்டுத்தான்.

செய்யத் தக்கது என்ன? சாலையில் சினம் வேண்டாம். மரியாதையாக, தமிழில், "இதனைத் தமிழில் எழுதித் தாருங்கள், அல்லது வாசித்துப் பொருள் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். கண்ணியமாக விளக்கித் தரும் சிங்கள அலுவலரும் உளர். அவர்க்கு நன்றி சொல்லுங்கள். தராவிடின், வாங்குமிடத்தில் உங்கள் ஒப்பத்தின் அருகே "இம்மொழி எனக்கு வாசிக்கத் தெரியாது" என்று தமிழில் எழுதுங்கள். இடம், நேரம், அலுவலரின் இலக்கம், உடனிருந்தவர் பெயர் ஆகியவற்றை அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசி இருந்தால் வெள்ளைக் கோட்டையும் உங்கள் வண்டி நின்ற இடத்தையும் படமெடுங்கள். பின்னர் அதே நாளில், 14 நாட் கெடு ஓடுமுன், எழுத்தறிந்த ஒருவரிடம் சீட்டை வாசிப்பித்து, உங்கள் நெஞ்சைக் கேளுங்கள். செய்தது உண்மையாயின் கட்டுங்கள். கட்டினாலும், தமிழில் ஆவணம் தரப்படாததை 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதத்தில் முறையிடுங்கள். அதற்கு ஒரு முத்திரை விலைதான் செலவு. செய்யாதது உண்மையாயின் கட்டாதீர்கள். நீதவான் முன் பெயர் அழைக்கப்பட்டதும், எதற்கும் தலையாட்டாமல், தமிழ் முதலியார் வேண்டும் என்ற ஒரு வாக்கியத்தை முதலிற் சொல்லுங்கள். குற்றச்சாட்டு விளங்கிய பின்னர் "சுற்றவாளி" என்பதை உரக்கச் சொல்லுங்கள்.

அவன் தனியே நின்றால் கணக்கு அவனைத் தோற்கடித்துவிடும் என்று நாமே மேலே ஒப்புக்கொண்டோம். ஆதலால் இறுதிக் கேள்வி சட்டத்தரணிகளுக்கு. இரத்தினபுரி, கேகாலை மாவட்ட நீதிமன்றங்களிற் தோன்றும் தமிழறிந்த சட்டத்தரணிகளே, மாதத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், கட்டணமின்றி இச்சீட்டு வழக்குகளுக்காக நிற்க உங்களுள் எத்தனை பேர் ஆயத்தம்? எந்த நீதிமன்றம், எந்த நாள் என்று எழுதி அனுப்புங்கள். தோட்டம் தோட்டமாக அறியும்படி முதற் பக்கத்திலேயே அச்சிடுவோம்.